தோளில் விழும் கை

உட்லண்ட்ஸில் பதினெட்டு வருடம்.
விடிகாலை நாலரை, மோட்டார் சைக்கிள் தடம்.
ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்
கட்டைவிரல் நீட்டுகிறவர்களின் முகத்தை
மூன்று நொடிக்குள் படித்தாக வேண்டும்.
நான்காவது நொடியில் ஹாரன்.

அதனால்தான் டாக்டர் சியாவ்
'சோதனைச் சாவடி' என்று ஆரம்பித்தபோது
சிரித்துவிட்டேன்.
என்னிடமா?

அவர் சிரிக்கவில்லை.
ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிப் போட்டு
இரண்டு வட்டம் வரைந்தார்.
இது உங்கள் டி உயிரணு.
இது நுரையீரலில் இருப்பது.
இடையில் ஒரு சின்னக் கோடு.

டி உயிரணுவுக்கு ஆளைத் தெரியும்.
தெரிந்துதான் வந்து நிற்கிறது,
மடியில் விஷத்தோடு,
உரசும் தூரத்தில்.
அப்போது எதிரில் இருப்பது
மெல்லக் கையெடுத்து
அதன் தோளில் வைக்கிறது:
போதும்ப்பா. நம்ம வீடுதான்.

கள்ளப் பாஸ்போர்ட் என்றால்
எனக்குப் புரிந்திருக்கும்.
ஓரம் பிசிறும், படம் ஒரு மயிரிழை தள்ளியிருக்கும்.
இது இங்கேயே பிறந்தது.
என் ரத்தம் குடித்து
என் பெயரில் வளர்ந்தது.
அந்தக் கையும் கள்ளக்கை அல்ல.
காய்ச்சல் தணிந்த பின்னும்
படை கலையாமல் வீட்டை எரித்துவிடக் கூடாதென்று
உடம்பு தானே வைத்திருக்கும் கை.
இது இரவல் வாங்கியிருக்கிறது,
கேட்காமல்.

மாதக்கணக்கில் அப்படியே நின்றால்
டி உயிரணு களைத்துப்போகுமாம்.
சாகாது.
இடத்தைவிட்டுப் போகவும் செய்யாது.
சும்மா நிற்கும்.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
நோன்புப் பெருநாள் வாரயிறுதி,
பன்னிரண்டாவது மணி நேரம்,
கவுண்டர் கண்ணாடியில்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊட்ரம்.
நர்ஸ் நோராஷிகின் புறங்கையைத் தட்டித் தட்டி
நரம்பைக் கூப்பிடுவாள்.
பையில் இருப்பது தண்ணீர் மாதிரி.
அரை மணி நேரம் சொட்டும்.
பக்கத்து நாற்காலியில் மிஸ்டர் கோ
தன் படுக்கை எண்ணை
நாலு நம்பர் லாட்டரிக்கு எழுதிக்கொள்வார்.

இந்த மருந்து யாரையும் கொல்லாது.
தோளில் விழப்போகும் கையை
வழியிலேயே பிடித்துக்கொள்ளும்.
அவ்வளவுதான்.
மீதி, நிற்கிறவர்கள் பாடு.

எட்டாம் வாரம் முழங்கையெல்லாம் தடிப்பு.
அப்புறம் தைராய்டு.
நீண்ட நாள் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று
தெரு மாறிப் புகுந்து
ஒன்றுமறியாத சுரப்பியை
அடித்து நொறுக்கிவிட்டது.
இனி ஆயுளுக்கும்
வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
கோபம் வரவில்லை.
புதிதாய் வேலைக்கு வரும் பையனும் இப்படித்தான்,
முதல் வாரத்தில்
யாரோ ஒரு புது மாப்பிள்ளையின்
பலகாரப் பெட்டியை மேசையில் கவிழ்த்துக் கொட்டுவான்.

பன்னிரண்டாம் வாரம் ஸ்கேன்.
இருபத்தொரு மில்லிமீட்டர்
இருபத்தொன்பது ஆகியிருந்தது.
இளம்வழுதி என் கைப்பையைத்
திறந்து திறந்து மூடினார்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
வளர்ந்திருக்கலாம்.
இல்லையென்றால் உள்ளே கூட்டம் சேர்ந்திருக்கலாம்.
உங்கள் ஆட்கள் புகுந்தாலும் வீங்கும்.
படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.
ஆறு வாரம் பொறுங்கள்.

மூன்று நொடிக்காரியிடம்
ஆறு வாரம்.

மார்சிலிங், பதினோராம் மாடி.
சமையலறை ஜன்னலிலிருந்து பாலம் தெரியும்.
இரவு இரண்டு மணிக்கும் விளக்குகள்
அடைத்துக்கொண்டு நிற்கின்றன.
நெரிசல் என்று மட்டும் தெரிகிறது.
இத்தனை தொலைவிலிருந்து
எந்த வரிசை நகர்கிறது,
எது நின்றுவிட்டது என்று
என்னாலேயே சொல்ல முடியவில்லை.

மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.
இடப்பக்கம் ஏதோ உறுத்துகிறது.
யாரங்கே?
அவனா, நம் ஆட்களா?

பின்னாலிருந்து தோளில் ஒரு கை.
போதும், வந்து படு
என்கிறார் வழுதி.

கையைத் தள்ளவில்லை.
இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்
என்றேன்.